தூரிகை எழுத்து: இயல்பும் பயனும்

கிராம மக்களுக்கு ஒரு செய்தியை அறிவிக்கத் தண்டோரா போடுவது நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். அதைச் செய்வோரின் மாண்புக்கு அது ஒவ்வாது என்று கருதி, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அவ்வழக்கத்தை நிறுத்துமாறும் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறும் அறிவுறுத்தியது. ஒலிபெருக்கியின் சொல்லோ அந்த நேரத்தோடு போய்விடுகிறது. வயலுக்குச் சென்றிருந்தவருக்கும், வேலைக்காக வெளியூர் போய்த் திரும்புபவருக்கும் அது எட்டுவதில்லை. அவர்களுக்காக நின்று பேசுவது பலகையிலும் சுவரிலும் உள்ள எழுத்தே.

எழுத்துக்கும் குரல் உண்டு. திருவிழாவுக்கு அழைப்பவர் ஒரு குரலில் பேசுவார்; ஏரிக்கரை உடையப்போகிறது என்று எச்சரிப்பவர் வேறு குரலில் பேசுவார். எழுத்திலும் அவ்வாறே அழைக்கும் எழுத்து ஒன்று, அறிவிக்கும் எழுத்து ஒன்று என இரண்டு உண்டு. தூரிகையால் இழுத்து எழுதியது போன்ற இலகுவான எழுத்து முதல் வகையைச் சேர்ந்தது. நிமிர்ந்து நிற்கும் அச்செழுத்து இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கணினி வந்தபின் இரண்டையும் எவரும் எளிதில் எடுத்தாளலாம். ஆகவே எதனை எங்கே ஆள்வது என்பதை ஊராட்சி மன்றத்தாரும், மகளிர் குழுவினரும், ஊர் இளைஞரும் அறிந்திருப்பது நலம். அதுவே இப்பாடத்தின் நோக்கம்.

இரு கைகள் வேலை செய்த பேட்டை

இந்த இருவகை எழுத்தும் அருகருகே வளர்ந்த இடம் ஒன்று சென்னை நகருக்குள் இருக்கிறது. கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்த சிந்தாதிரிப்பேட்டை அது. 1734ஆம் ஆண்டில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக உண்டாக்கப்பட்ட ஊர் அது. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயராயிற்று என்று சொல்வதுண்டு. இன்று நகரின் நடுவே நெரிசலோடு விளங்கும் அப்பகுதி, தொடக்கத்தில் தறியும் நூலுமாக இருந்த ஒரு கைத்தொழிற் கிராமமே.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிவிட்டு 1836இல் சென்னைக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் மைரன் வின்ஸ்லோ, சிந்தாதிரிப்பேட்டையில் பணிபுரிந்தவர். 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. அவ்வளவு சொற்களையும் ஒரே நூலுள் அடக்க வேண்டுமானால் எழுத்து சிறிதாயிருக்க வேண்டும். சிறிதாயினும் தெளிவு குன்றலாகாது. அச்சகப் பொறுப்பாளர் பி. ஆர். ஹண்ட் அத்தகைய சிறிய, தெளிவான தமிழ் அச்செழுத்துக்களை உருவாக்கியதால் பெயர் பெற்றார். இது உருக்கு முனையில் எழுத்தை வெட்டும் கையின் வேலை.

பேட்டையை ஒட்டிச் செல்லும் அண்ணா சாலையில் மற்றொரு கை வேலை செய்தது. திரைப்படங்களுக்காக அங்கே நின்ற பெரும் பதாகைகளில் படத்தின் பெயரைத் தூரிகையால் எழுதிய ஓவியரின் கை அது. அவ்வெழுத்து பேருந்தில் செல்பவரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. அகராதி எழுத்து அருகில் அமர்ந்து பொறுமையாகப் படிப்பவருக்கு உரியது. பதாகை எழுத்து கடந்து செல்பவரைக் கூப்பிடுவதற்கு உரியது. வேலை வேறாதலால் வடிவமும் வேறாயிற்று.

தூரிகை எழுத்து என்பது யாது?

தூரிகை எழுத்தென்பது ஒரே இழுப்பில் உருவாகும் எழுத்து. முதலில் ஓரத்தை வரைந்துகொண்டு பிறகு உள்ளே வண்ணம் நிரப்பும் எழுத்து இவ்வகையில் சேராது. அதன் இயல்புகளை ஐந்தாகக் கொள்ளலாம்.

முதலாவது, தடிப்பும் மெலிவும். தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும். இரண்டாவது, வண்ணம் வற்றும் இடத்தில் மயிர்க்கோடுகள் தோன்றும் நுனி. மூன்றாவது, கை நகரும் திசையில் சற்றே சாய்வு. நான்காவது, அடிக்கோட்டில் கண்டிப்பாக நில்லாமல் சிறிது ஏறியும் இறங்கியும் அமைதல். ஐந்தாவது, ஒரே எழுத்து இருமுறை வந்தால் இரண்டும் அச்சடித்தாற்போல் ஒன்றாயிராமை. இவ்வைந்தும் சேர்ந்துதான், ‘இதை ஒரு மனிதர் நமக்காக எழுதினார்’ என்னும் உணர்வைப் படிப்பவருக்குத் தருகின்றன. தூரிகை எழுத்தின் வலிமை இந்த நெருக்கமே.

இந்த நெருக்கத்தை அச்சுக்குள் கொண்டுவர மேல்நாட்டார் முயன்றனர். அமெரிக்காவில் ராபர்ட் இ. ஸ்மித் என்பவர் 1942இல் ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ என்னும் அச்செழுத்தை வடித்தார். 1951இல் ‘டாம் காஷுவல்’ வந்தது. 1953இல் பிரான்சின் மார்செய் நகரத்து வார்ப்படச்சாலை ஒன்று ரோஜர் எக்ஸ்கோஃபோன் வடித்த ‘மிஸ்ட்ரால்’ எழுத்தை வெளியிட்டது. கடைப் பலகைக்கும் விளம்பரத்துக்கும் அவை மிகுதியும் பயன்பட்டன. ஆயினும் ஒரு முழு நூலை அச்சிட அவ்வெழுத்து ஏற்றதன்று. நான்கு சொல்லுக்கு இனிப்பாயிருப்பது நான்கு பக்கத்துக்குத் திகட்டிவிடும்.

தமிழில் தூரிகை

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினர். கீறும்போது கோட்டின் தடிப்பு பெரிதும் மாறுவதில்லை. ஓலை கிழியாமலிருக்க வளைவுகளும் மிகுந்தன. வளைந்த வடிவு கொண்ட தமிழெழுத்துத் தூரிகைக்கு நன்றாகவே இணங்குகிறது. ‘ஆ’, ‘இ’, ‘ஐ’, ‘ழ’ போன்ற எழுத்துக்களைத் தூரிகையால் எழுதும்போது வளைவு தோறும் தடிப்பும் மெலிவும் தாமே அமைந்துவிடும்.

ஈய எழுத்துக் கோக்கும் காலத்தில் அச்சகங்களிடம் தலைப்புக்கு ஏற்ற பெரிய தமிழ் எழுத்து வகைகள் மிகச் சிலவே இருந்தன. எனவே பத்திரிகைகளில் கதைத் தலைப்புகளை ஓவியர்களே தூரிகையால் எழுதி, அதனைப் பிளாக் செய்து அச்சிடும் வழக்கம் வளர்ந்தது. கதை வேறாக எழுத்தும் வேறாயிற்று. திரைப்படப் பெயர், கடைப் பலகை, மாட்டுவண்டி, லாரி எனப் பல இடங்களுக்கும் அந்தப் பழக்கம் பரவியது.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதற்கு முன் ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துக்களில் யானைத் துதிக்கை போன்ற வளைவு ஒன்று மேலே சேர்ந்திருக்கும். அதனை ஒரே வீச்சில் இழுப்பதில் பலகை எழுதுவோர் தனித் திறமை காட்டினர். பழைய கடைப் பலகைகளில் அவ்வளைவை இன்றும் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க பாடப்பொருள் அது.

இப்போது கணினியிலும் இவ்வகை எழுத்துருக்கள் உள்ளன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’, கையெழுத்துச் சாயலும் சற்றே சாய்ந்த வடிவும் கொண்டது. அது திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. கூகுள் எழுத்துருத் தொகுப்பிலிருந்து கட்டணமின்றி எவரும் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அது யூனிகோடு (ஒருங்குறி) முறையில் அமைந்ததா என்று பார்ப்பது அவசியம். தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற முறை அது. பழைய குறியீட்டு முறையில் அமைந்த அலங்கார எழுத்துருக்கள் பல இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் அடித்த செய்தியை வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். அச்சகத்தில் வீண் தாமதம் நேரும்.

தடுமாறும் இடங்கள்

தமிழில் சிறு கோடும் சிறு புள்ளியும் பொருளை மாற்றுபவை. வேகமாக இழுக்கும் தூரிகை இவற்றைத்தான் முதலில் விழுங்குகிறது. நான்கு இடங்களில் கண் வைக்க வேண்டும்.

(1) புள்ளி. ‘பல்’ என்பதில் புள்ளி தவறினால் ‘பல’ ஆகிவிடும். புள்ளியைக் கடைசியில் சேர்க்காமல் ஒவ்வொரு எழுத்து முடிந்தவுடனே இடுவது நல்ல பழக்கம்.

(2) குறிலும் நெடிலும். ‘எடு’, ‘ஏடு’ என்னும் இரண்டுக்கும் வேற்றுமை அடியில் வரும் ஒரு சிறு கீற்றுத்தான். ‘கொடு’, ‘கோடு’ என்பவற்றில் வேற்றுமை கொம்பின் சுழியில் இருக்கிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் என இவ்வேறுபாட்டை வகுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். அவர் பிரித்து வைத்ததை நம் தூரிகை மீண்டும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

(3) காலும் ரகரமும். ‘ர’ என்பதன் சாய்ந்த அடிக்கோடு தேய்ந்தால் அது துணைக்காலாகத் தோன்றும். ‘கார்’ என்னும் சொல்லை விரைந்து எழுதிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

(4) எண்கள். தூரிகை இழுப்பில் 1, 7 இரண்டும் ஒன்றாகும். 3, 8 இரண்டும் ஒன்றாகும். தொலைபேசி எண்ணையும் தேதியையும் தூரிகை எழுத்தில் எழுதவே கூடாது என்பதை விதியாகக் கொள்ளலாம்.

எங்கே ஆளலாம்?

அழைப்பு, பெயர், வாழ்த்து இம்மூன்றும் தூரிகை எழுத்துக்கு உரியவை. மூன்றும் சில சொற்களில் முடிபவை. மூன்றும் அன்போடு சொல்லத்தக்கவை.

கிராம சபைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களோடு, உலக நீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றிலும் தமிழகத்தில் கிராம சபை கூடுவதாக 2022இல் ஏற்பாடாயிற்று. அதற்கான சுவரொட்டியில் ‘வாருங்கள், பேசுவோம்’ என்னும் அழைப்பு தூரிகை எழுத்தில் பெரிதாக இருக்கட்டும். நாள், நேரம், இடம், பேசப்படும் பொருள் ஆகியவை நிமிர்ந்த எழுத்தில் கீழே வரட்டும். முழுவதையும் சட்ட அறிவிப்பின் எழுத்தில் அச்சிட்டால், அது தமக்குரியதன்று, அலுவலகத்துக்குரியது என்று மக்கள் கடந்து போவார்கள். முழுவதையும் தூரிகை எழுத்தில் அச்சிட்டாலோ, வர விரும்பியவருக்கும் நேரம் தெரியாது.

மகளிர் சுய உதவிக் குழுவினர் விற்கும் ஊறுகாய்ப் புட்டிக்கும் இதே முறைதான். ‘மாங்காய் ஊறுகாய்’ என்னும் பெயர் தூரிகை எழுத்தில் இருந்தால், வீட்டுக் கையால் செய்த பண்டம் என்னும் எண்ணம் வாங்குவோர் மனத்தில் எழும். சேர்ந்துள்ள பொருள்கள், எடை, விலை, தயாரித்த நாள், உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டுமென்பது சட்டத்தின் கட்டளை. அவற்றுக்கு அலங்காரம் வேண்டா.

நூலகத்தின் பெயர்ப்பலகை, அங்கன்வாடிச் சுவர், பொங்கல் விழா வளைவு, இளைஞர் மன்றத்தின் பெயர் முதலியவையும் தூரிகை எழுத்துக்கு ஏற்ற இடங்களே.

எங்கே ஆளலாகாது?

ஓர் ஊரை எண்ணிக்கொள்வோம். அங்கே பாத்திரம் கழுவவும் மாடு குளிப்பாட்டவும் ஒரு தொட்டி உள்ளது. அதன் நீர் குடிக்கத்தக்கதன்று. ஊராட்சியார் அக்கறையோடு தொட்டியின்மீது ‘இது குடிநீர் அல்ல’ என்று எழுதச் செய்கின்றனர். எழுதுபவர் அழகுக்காகக் ‘குடிநீர்’ என்பதைத் தூரிகை எழுத்தில் பெரிதாகவும், இடம் போதாமையால் ‘அல்ல’ என்பதை ஓரத்தில் சிறிதாகவும் எழுதிவிடுகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் வெயிலில் வந்து நிற்கிறார். அவர் கண்ணில் படுவது ‘குடிநீர்’ என்னும் ஒரு சொல்லே. தடுக்க எழுதிய பலகை அழைக்கும் பலகையாகிவிட்டது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். அந்த 80 பேரிலும் சரளமாகப் படிப்பவர் உண்டு. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பவரும் உண்டு. எஞ்சிய 20 பேருக்குப் படம் ஒன்றே துணை. ஆகவே எச்சரிக்கைப் பலகைக்கு மூன்று விதிகளைச் சொல்லலாம். விலக்க வேண்டிய பொருளின் பெயரை எழுதாமல் ‘குடிக்காதீர்கள்’ என்று செயலை எழுதுக. நிமிர்ந்த, ஒரே தடிப்புள்ள எழுத்தை ஆள்க. குறுக்குக் கோடிட்ட குவளைப் படத்தை உடன் வரைக.

மின்கம்ப எச்சரிக்கை, மருந்தளவு, பூச்சிக்கொல்லிக் குறிப்பு, தடுப்பூசி நாள், ஆம்புலன்ஸ் எண், வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் மதிப்பீட்டுப் பலகை ஆகியவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுத் தகவலை மக்கள் எளிதில் அறியும் வகையில், உள்ளூர் மொழியில், பயன்தரும் முறையில் பரப்ப வேண்டும் என்கிறது. பலகை இருந்தும் படிக்க இயலாவிட்டால் அந்த உரிமை பாதியாகிவிடும். பணம் எவ்வளவு செலவாயிற்று என்பதை அலங்கார எழுத்தில் மறைத்து எழுதும் எண்ணம் நமக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் விளைவு ஒன்றுதான்.

எழுதும் முறை

சுவரைத் துடைத்து, வெள்ளையடித்து, காய்ந்தபின் நூல் போட்டு அடிக்கோடும் மேற்கோடும் குறிக்க வேண்டும். தூரிகை எழுத்து ஏறி இறங்கினாலும் அது எதிலிருந்து ஏறியது என்று தெரிய ஒரு கோடு வேண்டும். பின்னர் எழுத்துக்களை எண்ணிச் சுண்ணக்கட்டியால் இடம் பிரித்துக்கொள்க. ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துக்கள் மூன்றெழுத்தின் இடத்தைக் கொள்ளும் என்பதை மறவாதிருப்பின் ‘அல்ல’ என்னும் சொல் ஓரத்தில் ஒடுங்க நேராது.

பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் கைக்கொள்ளும் கணக்கு. ஐம்பது அடி தள்ளி நின்று படிக்க வேண்டிய சொல்லுக்கு ஐந்து அங்குல உயரமேனும் வேண்டும். தூரிகை எழுத்தாயின் இன்னும் சிறிது கூட்டுவது நன்று. மஞ்சள்மீது கறுப்பு, வெள்ளைமீது கருநீலம் என்பன தெளிவானவை. நீலத்தின்மீது சிவப்பு கண்ணைக் கூசச் செய்யும்.

கணினியில் அமைப்போர் கவனிக்க வேண்டியவை சில. ஏற்கெனவே சாய்ந்த எழுத்தை மேலும் சாய்க்கலாகாது. இழுத்து நீட்டலும், வளைத்தலும், நிழல்மேல் நிழல் சேர்த்தலும் எழுத்தின் தடிப்பையும் மெலிவையும் கெடுத்துவிடும். ‘பட்டம்’ என்னும் சொல்லில் இரு டகரமும் சிறிதும் மாறாமல் வந்தால், கையால் எழுதியது போன்ற மயக்கம் கலைந்துவிடும். மாற்று வடிவம் அவ்வெழுத்துருவில் இருப்பின் அதனை ஆளலாம்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை உண்டு. ஊரில் அண்மையில் எழுதப் படிக்கக் கற்ற ஒருவரையும், கண் மங்கிய முதியவர் ஒருவரையும் அழைத்து, உரிய தூரத்தில் நிறுத்தி, உரக்கப் படிக்கச் சொல்லுக. அவர்கள் தயங்கும் எழுத்தைத் திருத்துக. அவர்களைக் குறை சொல்லற்க.

கையும் கூலியும்

ஃபிளக்ஸ் பதாகை வந்தபின் பலகை எழுதும் ஓவியர்கள் பலர் தொழிலிழந்தனர். பதாகை மலிவானது, விரைவானது என்பது உண்மை. அது வெயிலில் வெளுக்கும், மட்கிப் போகாது, காற்றில் அறுந்து விழும் என்பவையும் உண்மை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையோரப் பதாகை விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நாடறியும். நிலையாக இருக்க வேண்டிய செய்தியைச் சுவரிலே எழுதினால் அது பல பருவம் நிற்கும். கூலியும் ஊருக்குள்ளேயே தங்கும். ஆனால் பிறர் சுவரில் அனுமதியின்றி எழுதுதல் ஆகாது. பொதுவிடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சிக்குரிய கட்டடச் சுவர்களே நமக்குப் போதும்.

கணினியும் கைத்தொழிலும் பகையாக வேண்டுவதில்லை. டில்லியில் ஹனீப் குரேஷி என்னும் கலைஞர், தெருப்பலகை எழுதுவோரின் எழுத்தை வாங்கிக் கணினி எழுத்துருக்களாக்கி, அவற்றுக்கு அவ்வோவியர்களின் பெயரையே இட்டார். அவர் 2024இல் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை. நம் வட்டாரத்துப் பலகை ஓவியரின் கையெழுத்தில் உயிரும் மெய்யும் கொம்பும் காலும் முழுமையாக எழுதி வாங்கி, உரிய கூலி கொடுத்துக் காப்பது ஓர் இளைஞர் மன்றம் மேற்கொள்ளத்தக்க பணி.

தறி நெய்வோருக்கென அமைந்த பேட்டையின் பக்கத்தில் அகராதி எழுத்தும் பதாகை எழுத்தும் வளர்ந்தன என்று கண்டோம். பாவும் ஊடும் தத்தம் வழியில் ஓடினால்தான் துணி உருவாகும். நம் ஊர்ப் பலகையிலும் அவ்வாறே அழைக்கும் எழுத்து அழைக்கட்டும், அறிவிக்கும் எழுத்து அறிவிக்கட்டும். அடுத்த கிராம சபைக்கு முன் ஊராட்சி அன்பர்கள் தம் ஊரை ஒருமுறை சுற்றி வந்து, எந்தச் சுவர் எந்தக் குரலில் பேசுகிறது என்று பார்ப்பார்களாக. திருத்த வேண்டிய முதற்பலகை தண்ணீர்த் தொட்டியருகே இருக்கக்கூடும்.